ஆறுக்குக் கீழே

மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
காற்றுப் பட்டாலே வலித்தது.
இரவு இரண்டு மணி. வலது கால் பெருவிரலின் மூட்டு
கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.
போர்வை நுனி அதன்மேல் விழுந்தபோது
லாரி ஏறியது போலக் கத்தினேன்.
"குடிச்சியா?" என்றாள் ஜெசிந்தா.
குடித்திருந்தேன்,
மச்சான் வீட்டு ஞானஸ்நானத்தில்
ஒரே ஒரு பீர்.

ஆட்டோ ஓட்டக் கை போதும் என்று நினைக்கிறார்கள்.
கியர் கையில், கிளட்ச் கையில், ஆக்ஸிலேட்டர் கையில்.
பிரேக் மட்டும் வலது காலில்.
லிங்கராஜபுரம் மேம்பாலத்து இறக்கத்தில்
முன்னால் போன ஸ்கூட்டர் நின்றது.
மிதித்தேன்.
"ஏனாயித்து அண்ணா?" என்று சவாரி கேட்கும்வரை
அழுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடைக்காரன் ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தான்.
ஐந்து நாளில் வலி போயிற்று.
போனதை குணமென்று நம்பி
மூன்று மாதம் சந்தோஷமாக இருந்தேன்.
மறுபடி வந்தபோது
சுளுக்கென்று எண்ணெய் போட்டு உருவினார்
கம்மனஹள்ளியில் ஒருவர்.
அவர் கையை நான் கடிக்காதது கர்த்தர் கிருபை.
எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்து
எலும்பு நல்லா இருக்கு என்றார்.
நல்லா இருக்கிற எலும்புக்கு எண்ணூறு ரூபாய்.
ஸ்டாண்டில் முனிராஜு பருப்பை விடு என்றான்.
தக்காளியை விடு என்றான் அப்ரார்.
இரண்டையும் விட்டேன்.
விரல் என்னை விடவில்லை.

ரத்தம் எடுத்த பெண்தான்
ஒன்பது புள்ளி நான்கைப் பேனாவால் வட்டமிட்டு
"இதுக்குன்னு தனி டாக்டர் இருக்காங்க, ருமட்டாலஜி" என்றாள்.
அந்தச் சொல்லை மூன்று ஆஸ்பத்திரி வாசலில்
சொல்லிப் பார்த்தேன்.
"ரூமா?" என்றான் ஒரு செக்யூரிட்டி.
பதினாறு வருஷமாக இந்த ஊரையே
விலாசம் பார்த்து இறக்கிவிட்டவன்,
எனக்கு இறங்க ஓர் இடம் தெரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும். டோக்கன் நாற்பத்தொன்று.
டாக்டர் பெல்லியப்பா, ஒல்லியான அம்மா,
காலைப் பார்த்துவிட்டு
"தொடலாமா?" என்று கேட்டார்.
இத்தனை பேரில் அவர்தான் கேட்டார்.
மூட்டிலிருந்து ஊசியில் ஒரு சொட்டு எடுத்து
பிறகு என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார்.
இருட்டில் மின்னும் ஊசிகள்.
ராத்திரியில் முன்கண்ணாடி உடைந்து
ரோட்டில் கிடக்குமே, அப்படி.

"யூரிக் அமிலம். எல்லார் உடம்பிலும் உண்டாகுறது.
கிட்னி வெளியே அனுப்பணும்,
உங்களோடது மெதுவா அனுப்புது."
சில்க் போர்டு சிக்னல் மாதிரியா என்றேன்.
சிரித்தார். "நிக்கிறதெல்லாம் அங்கேயே உப்பாயிடுது."
பீர்தானே காரணம்?
"பீரும்தான். ஆனா வீட்டில் வேற யாருக்காவது?"

அப்பாவுக்கு.
கோலார் சுரங்கத்தில் லீவு போட்டுப் போட்டு
சம்பளம் போன அப்பா.
குடிகாரன் கால் என்றது லைன் வீடு முழுதும்.
நானும் சொல்லியிருக்கிறேன்,
ஒருமுறை, அவர் காதுபட.

ராஜாக்களின் வியாதி என்று பெயராம் இதற்கு,
வெளியே நர்ஸ் சொன்னாள்.
ராஜாவின் வண்டிக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி.

வலி அடங்கியதும் தினம் ஒரு மாத்திரை.
வலி இல்லாத நாளும்.
ஆரம்பத்தில் திரும்ப வரலாம், பயந்து நிறுத்தக் கூடாது.
ரத்தத்தில் எண் ஆறுக்குக் கீழே இறங்க வேண்டும்.
மீட்டர் இறங்குவதற்காகக் காசு கொடுக்கும்
முதல் ஆட்டோக்காரன்
நானாகத்தான் இருப்பேன்.

நடுவில் ஒரு தரம் வந்தது. நிறுத்தவில்லை.
நேற்று ஏழு புள்ளி ஒன்று.
இன்னும் இருக்கிறது.
ராத்திரி விசிறி மூன்றில் ஓடியிருக்கிறது.
போர்வை விரலின்மேல் கிடந்ததை
விடிந்த பிறகுதான் பார்த்தேன்.